கோட்டையைக் காட்டுகிறார்கள், களத்தைக் காணோம்

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது 1974-ல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக் கோட்டை. நுழைவாயில், மதில், உள்ளே மண்டபம், மண்டபத்துச் சுவர் நெடுக ஓவியங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஓவியங்களைப் பார்த்து, ஜக்கம்மா கோயிலில் குங்குமம் வாங்கி இட்டுக்கொண்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். பழைய கோட்டையின் மிச்சம் பக்கத்திலேயே தொல்லியல் துறைப் பாதுகாப்பில் கிடக்கிறது. 'ஒரிஜினல் கோட்டை எங்கே?' என்று யாரையாவது கேட்டால், 'அது அங்கன. அங்க ஒண்ணுமில்ல சார், வெறும் மேடு' என்பார்கள். இந்த 'ஒண்ணுமில்ல' எப்படி உண்டானது, அதை யார் உண்டாக்கினார்கள், அதனால் இன்று யாருக்கு என்ன லாபம் என்பதுதான் நம் கேள்வி.

தென்மாவட்டங்களில் 'மரபு நடை', 'வரலாற்றுப் பயணம்' என்ற பெயர்களில் பாளையப் போர் நடந்த இடங்களைச் சுற்றிவரும் பழக்கம் இன்று பரவியிருக்கிறது. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், கயத்தாறு, பாஞ்சாலங்குறிச்சி, கவர்னகிரி, எட்டயபுரம். அங்கிருந்து வடக்கே ஏறினால் சிவகங்கை, காளையார்கோயில், திருப்பத்தூர். ஒரு வேன், இரண்டு நாள், வழியில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 1755-ல் கர்னல் ஹெரான் படையெடுத்து வந்தது முதல் 1801-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கில் தொங்கியது வரை நாற்பத்தாறு வருஷத்தை இரண்டு நாளில் முடித்துவிடலாம். இதைக் கேலி செய்வது சுலபம், நமக்கு அது கைவந்த கலையும்கூட. ஆனால் இடம் பார்க்கப் போவதும் ஒருவகை வாசிப்புதான். புத்தகம் வாங்காத ஜனங்கள் வரலாற்றை வாசிப்பது பெரும்பாலும் இப்படித்தான். எனவே இந்த இடங்களைப் பிரதிகளாக எடுத்துக்கொண்டு, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று பார்க்கவேண்டும்.

முதலில் அந்த மேடு. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கல்கோட்டை அல்ல, மண்கோட்டை. கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியிட்ட தன் ராணுவ நினைவுகளில் அதை வர்ணிக்கிறார்: சுமார் ஐந்நூறு அடிக்கு முந்நூறு அடி, ஒழுங்கில்லாத நீள்சதுரம், முழுக்க மண். மண் என்றால் நமக்கு உடனே ஏழ்மை ஞாபகம் வருகிறது. ஆனால் பீரங்கிக் காலத்தில் மண்சுவர் ஒரு நுட்பம். கல் பிளக்கும், மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். 1799-ல் இடிக்கப்பட்ட அந்தக் கோட்டை, 1801 பிப்ரவரி 2-ல் ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய சில நாட்களுக்குள் மறுபடி எழுந்து நின்றது. ஆறே நாள் என்பார்கள். மேஜர் மெக்காலே படையோடு வந்து பார்த்தபோது, இருக்கக்கூடாத கோட்டை இருந்தது. மார்ச் 31-ல் நடந்த தாக்குதலில் கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படை வந்து, மே 24-ல்தான் கோட்டை விழுந்தது.

ஆறு நாளில் ஒரு கோட்டையை எழுப்ப எத்தனை கைகள் வேண்டும்? மண் வெட்டியது யார், தண்ணீர் சுமந்தது யார், மிதித்துக் குழைத்தது யார்? பாளையக்காரர் சுமந்திருக்க மாட்டார். அந்தக் கோட்டை ராஜாவின் வீடு என்பதைவிட ஊர் ஜனங்களின் வேலை என்பதே பொருந்தும். அது மண்ணால் ஆனது என்பதுதான் அதன் அரசியல். அரசு 1974-ல் கட்டும்போது முதலில் கைவிட்டது அந்த மண்ணைத்தான். பலமாகக் கட்டினார்கள், மழைக்குக் கரையாமல் கட்டினார்கள், சினிமாவில் பார்த்த கோட்டை மாதிரி கட்டினார்கள். உழைப்பு மறைந்தது, சிம்மாசனம் மிச்சமானது.

கோட்டையைப் பிடித்த பிறகு கம்பெனி அதைத் தரைமட்டமாக்கியது. அந்த நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள், ஊர்ப் பெயரையே கணக்கிலிருந்து எடுத்தார்கள் என்று வட்டாரத்தில் வழங்கிவருகிறது. ஆக, 'அங்க ஒண்ணுமில்ல' என்பது இயற்கையின் வேலையோ காலத்தின் வேலையோ அல்ல. அது கம்பெனி உத்தரவு. இந்த வட்டாரத்தில் கம்பெனி கட்டியவற்றில் மிக உறுதியாக நின்றிருப்பது அந்த 'ஒண்ணுமில்லை'தான். அதன் எதிரில் நின்று 'இங்கே என்ன செய்தார்கள்?' என்று கேட்டிருக்க வேண்டிய நினைவுச்சின்னம், அதற்குப் பக்கத்தில் வண்ணம் பூசி நின்று, அதன்மேல் யாருடைய பார்வையும் விழாமல் பார்த்துக்கொள்கிறது.

கயத்தாறு இன்னொரு விதம். அங்கே கோட்டையும் இல்லை, சண்டையும் இல்லை. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்ட இடம் அது. அன்று மேஜர் பானர்மேன் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து நிறுத்தி வைத்துக்கொண்டுதான் தூக்கிலிட்டான். பார்க்கவேண்டும், பார்த்துப் பயப்படவேண்டும் என்பதுதான் திட்டம். தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் கொன்று, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் கம்பத்தில் வைத்ததும் அதற்காகத்தான். தண்டனை என்பது பார்வையாளர்களுக்காக நடத்தப்படும் காட்சி என்று ஃபூக்கோ பிரெஞ்சு மண்ணை வைத்து எழுதியதை நம்மூரில் தேடுகிறவர்களுக்குக் கயத்தாறு போதும். ஆனால் நான் சொல்ல வருவது வேறு. இன்று வேனில் போய் இறங்குகிற நாம் எங்கே நிற்கிறோம்? பாளையக்காரர்களை பானர்மேன் நிறுத்திவைத்த அதே இடத்தில். தூக்குமேடைக்கு எதிரே பார்வையாளன் நிற்கும் இடத்தை நமக்கு ஒதுக்கித் தந்தவன் அவன். பயத்துக்குப் பதிலாகப் பெருமிதம் வந்திருக்கிறது என்பது உண்மை, அது சின்ன மாற்றமும் அல்ல. ஆனால் காட்சியின் அமைப்பு மாறவில்லை.

அங்கே சிலை வருவதற்கு முன்னால் கல்குவியல் ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல் எடுத்துப் போட்டுவிட்டுப் போவார்களாம். அப்படியே சேர்ந்து மேடாகிவிட்டதாம். ஒரு நினைவுச்சின்னம் எப்படி இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. திறப்புவிழா கிடையாது, கல்வெட்டில் மந்திரி பெயர் கிடையாது, போகிறவன் கையில் ஒரு கல், அவ்வளவுதான். பிற்பாடு சிவாஜி கணேசன் அங்கே சிலை வைத்தார். 2015-ல் அரசு மணிமண்டபமும் வந்தது. சிவாஜியின் அன்பில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் சிலை யாருடைய முகஜாடையில் நிற்கிறது, யாருடைய நிலையில் நிற்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 1959-ல் வந்த பி.ஆர். பந்துலுவின் படம், 1960-ல் கெய்ரோவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது, சக்தி கிருஷ்ணசாமியின் வசனம் — இந்த மூன்றுக்கும் பிறகு கட்டபொம்மனை வேறு குரலில் யோசிப்பதே முடியாமல் போய்விட்டது. மண்டபத்துக்குள் வந்த பிள்ளைகளில் யாராவது ஒருவன் ஜாக்சன் துரைக்குச் சொல்லும் வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு சொல்லாமல் போவதில்லை. படத்தின் சண்டைக் காட்சிகளை ஜெய்ப்பூர்ப் பக்கம் எடுத்தார்கள். கரிசல்காட்டுச் சண்டை நம் மனசில் ராஜஸ்தான் மண்ணில்தான் நடக்கிறது!

இந்தப் படம் செய்த இன்னொரு வேலையும் உண்டு. 'எட்டப்பன்' என்றால் தமிழில் துரோகி. எட்டயபுரம் பாளையம் கம்பெனிக்குத் துணைபோனது வரலாறு, சரி. ஆனால் களப்பூர்க் காட்டில் கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். அந்தப் பெயர் வசைச்சொல் ஆகவில்லை. ஏன்? எட்டயபுரம் ஜமீனாகச் சுருங்கியது, புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானமாக நீடித்தது. நிக்கோலஸ் டர்க்ஸ் அதைப் பற்றித் தனிப்புத்தகமே எழுதினார் (1987). நீடித்திருந்தவனைத் துரோகி என்று சொல்லத் துணிச்சல் வேண்டும், சுருங்கிப்போனவனைச் சொல்ல வசனம் போதும். நம் பயணக்காரர்களும் பாஞ்சாலங்குறிச்சியில் எட்டப்பனை வைதுவிட்டு நேரே எட்டயபுரம் போய் பாரதி மணிமண்டபத்தில் கும்பிடுகிறார்கள். இரண்டும் ஒரே ஊர்தான். அந்த ஊர் ஆட்கள் கம்பெனிப் பக்கம் நின்று செத்தார்களே, அவர்கள் யார், எதற்காக வந்தார்கள், பாளையக்காரர் சொன்னதால் வந்தார்களா, கூலிக்கு வந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. துரோகம் என்ற சொல் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறது.

சரி, செத்தவர்கள் விஷயத்துக்கு வருவோம். ஒட்டப்பிடாரத்திலும் பாஞ்சாலங்குறிச்சியிலும் வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. 1799-லும் 1801-லும் கோட்டையைத் தாக்கிச் செத்த அதிகாரிகள். பெயர், பதவி, தேதி என்று கல்லில் பொறித்திருந்ததைக் கால்டுவெல் தன் திருநெல்வேலிச் சரித்திரத்தில் (1881) எடுத்து எழுதியும் வைத்தார். மொத்தப் போர்நிலத்திலும் செத்தவனின் பெயர் அன்றைக்கே கல்லில் ஏறியது அங்கே மட்டும்தான். அதிலும் கம்பெனிக்காகச் செத்த கறுப்புச் சிப்பாய்க்கு இடமில்லை. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் செத்தவர்களுக்கோ கல்லும் இல்லை, குழியும் இல்லை.

பீமா கோரேகாவை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1818 ஜனவரி 1-ல் பேஷ்வா படையோடு நடந்த சண்டைக்குக் கம்பெனி எழுப்பிய தூண் அது. அதில் சிப்பாய்களின் பெயர்களையும் வெட்டினார்கள். அந்தப் பெயர்களில் இருபத்திரண்டு மகர்களுடையவை, 'நாக்' என்று முடிகிறவை. பெயர் இருந்ததால்தான் 1927-ல் அம்பேத்கர் அங்கே போய் நிற்க முடிந்தது. ஒரு காலனியத் தூண் ஒரு நூற்றாண்டு கழித்துத் தலித்துகளின் யாத்திரைத்தலமாக மாறியது. 2018-ல் அங்கே நடந்த வன்முறையும், அதைச் சாக்காக வைத்துப் போட்ட வழக்குகளும் நமக்குத் தெரியும். தேசியவாதிகளுக்கு அந்தத் தூண் தொண்டையில் சிக்கிய முள். நமக்கு அது சொல்லும் சேதி எளிமையானது: கல்லில் பெயர் இருந்தால் அதை யாராவது ஒரு நாள் தேடி வருவார்கள். பெனடிக்ட் ஆண்டர்சன் தேசம் பற்றிய தன் புத்தகத்தில் பெயரற்ற போர்வீரனின் கல்லறையைப் பற்றிப் பேசினார். நமக்கு அந்தப் பெயரற்ற வீரனின் வெற்றுக் கல்லறைகூடக் கிடையாது. ஆகோள் பூசலில் செத்த ஒரு சாதாரணனுக்குப் பெயர் வெட்டிக் கல் நட்ட சமூகம் இது. 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ் பிராமி நடுகல்லே அதற்குச் சாட்சி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு இருந்த மரியாதை 1801-ல் கோட்டை காத்துச் செத்தவனுக்கு இல்லை.

ஆனால் பதிவே இல்லை என்று கைவிரித்துவிடவும் முடியாது. எதிரியின் எழுத்தை அதன் போக்குக்கு எதிராக வாசிக்கச் சொன்னார் ரணஜித் குஹா. வெல்ஷின் புத்தகத்தில் அப்படி வாசிக்க ஓர் இடம் இருக்கிறது. கோட்டை விழுந்த அன்று வெளியேறிய கூட்டத்தைக் கம்பெனிக் குதிரைப்படை துரத்தி வெட்டுகிறது. கிராமத்துப் பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடிக் களத்துக்கு வருகிறார்கள். ஒருத்தி தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள், உயிர் இருக்கிறது. தூக்கப் போகிறாள். என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்கிறான் மகன். சாமி என்றால் ஊமைத்துரை. மகனைக் களத்தில் விட்டுவிட்டு அவரைத் தூக்கிப் போகிறார்கள். எட்டயபுரம் ஆட்கள் தேடிக்கொண்டு வருகிறபோது வெள்ளைத்துணியால் மூடி, அம்மை போட்டுச் செத்த பையன் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடுகிறார்கள்.

இதைச் சொன்ன வெல்ஷ் வியக்கிறார், ராஜபக்தி என்று எடுத்துக்கொள்கிறார். நம் வீரவரலாற்றுக்காரர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது அவ்வளவு நேராகத் தெரியவில்லை. மகனை விட்டுவிட்டு வந்த அந்தத் தாய் வீட்டுக்குப் போய் என்ன செய்தாள்? ஒப்பாரி நடிப்புதானா, அல்லது அந்த ஒப்பாரிக்குள் நிஜமான அழுகையும் கலந்திருந்ததா? அம்மை, ஒப்பாரி, வெள்ளைத்துணி — பீரங்கிக்கு எதிராக இந்தப் பெண்கள் எடுத்த ஆயுதங்கள் எல்லாமே அடுப்படியிலிருந்தும் இழவுவீட்டிலிருந்தும் வந்தவை. இதை மண்டபத்துச் சுவரில் வரைந்தாலும் 'விசுவாசம்' என்றுதான் தலைப்புப் போடுவார்கள். இந்தப் பயணத்தடத்தில் உண்மையான போர்க்களம் எது என்று என்னைக் கேட்டால், அந்தப் பெண்கள் பிணங்களைப் புரட்டிப் பார்த்த வெட்டவெளியைச் சொல்வேன். அதற்குத்தான் பலகை இல்லை.

கதைப்பாடல்கள் இன்னொரு பதிவு. நா. வானமாமலை மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டபொம்மு கதைப்பாடலைப் பதிப்பித்தது 1971-ல். பாடலில் ராஜா தனியாக இல்லை. தேவர், நாயக்கர், பள்ளர், பகடை என்று பட்டப்பெயரோடு ஆட்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், வாய்ச்சண்டை போடுகிறார்கள், சாகிறார்கள். கூட்டம் கூட்டமாக வரும் அந்த ஆட்களைச் சினிமா ஒரு கதாநாயகனாக வடிகட்டியது. பிறகு அரசியல் அந்த வடிகட்டலைச் சாதிவாரியாகப் பிரித்தது. கட்டபொம்மனை விடுதலை வீரனாக நிறுத்திய ம.பொ.சி., அவனைக் கொள்ளைக்காரன் என்று எழுதிய தமிழ்வாணன், அவன் தமிழனா தெலுங்கனா என்று ரத்தப் பரிசோதனை நடத்திய பிற்காலத்தவர்கள் எல்லோரும் ஒரே தராசைத்தான் பிடித்தார்கள். தட்டில் இருப்பது ராஜா ஒருவன்தான், கூடுதலா குறைவா என்பதே வழக்கு. பாளையக்காரர்கள் காவல் என்ற பெயரில் கிராமங்களில் வசூலித்தது யாரிடமிருந்து, அந்தச் சுமையைத் தாங்கிய சம்சாரியே எதற்காகக் கோட்டைக்கு மண் சுமக்க வந்தான் என்ற கேள்வி தராசில் ஏறவில்லை. அவன் ராஜாவுக்காக மட்டும் வந்தான் என்று நான் நம்பவில்லை. கம்பெனியின் கிஸ்தி பாளையக்காரரின் வசூலைவிட வேறு மாதிரியானது, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் குறையாதது என்பதை அவன் அதற்குள் பட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இனிக் கொஞ்சம் சங்கடமான விஷயம். கவர்னகிரியில் சுந்தரலிங்கத்துக்கு மணிமண்டபம் இருக்கிறது. சிவகங்கையில் 2014-ல் திறந்த வேலுநாச்சியார் மண்டபத்தில் குயிலிக்கு நினைவுத்தூண் இருக்கிறது. சுந்தரலிங்கமும் வடிவும் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கில் தீயோடு பாய்ந்தார்கள் என்பது கதை. குயிலி உடம்பில் எண்ணெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு கிடங்கில் குதித்தாள் என்பது கதை. இவை நடந்ததா என்று ஆவணம் கேட்கும் வேலையை நான் செய்யப் போவதில்லை. ஆவணத்தை வைத்திருந்தவன் யார் என்று நமக்குத் தெரியும். நான் கேட்பது வடிவம் பற்றி. ராஜாவின் கதையில் உச்சம் பேச்சு: துரைக்கு எதிரே நிமிர்ந்து நின்று பேசுகிறான், தூக்குமேடையிலும் பேசுகிறான். தலித்தின் கதையில், பெண்ணின் கதையில் உச்சம் வெடிப்பு: பேசாமல் போய் உடம்போடு சிதறுகிறார்கள். ஒருவனுக்குக் குரல், மற்றவர்களுக்கு உடம்பு. அந்த உடம்பும் மிஞ்சக்கூடாது. வரலாற்றுக்குள் நுழைய விளிம்புநிலை மனிதருக்கு நாம் கேட்கும் நுழைவுக்கட்டணம் இதுதான். இந்தக் கதைகளைப் பெருமையோடு சொல்லும் தோழர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கவேண்டும். சுந்தரலிங்கம் படை நடத்தினான் என்றால், வெடிப்பதற்கு முன்னால் என்ன யோசித்தான், யாரோடு வாதாடினான், ராஜாவோடு எந்த இடத்தில் முரண்பட்டான்? அதைக் கேட்கும் கதையாடல் இன்னும் எழுதப்படவில்லை.

அதற்காகச் சிலை வேண்டாம், மண்டபம் வேண்டாம் என்று சொல்லும் உயரத்தில் நான் இல்லை. 1997-ல் நடந்ததை மறந்துவிட முடியாது. கட்டபொம்மன் பெயரில் பஸ் ஓடியது, மருது பாண்டியர் பெயரில் ஓடியது. யாருக்கும் வலிக்கவில்லை. விருதுநகரில் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் என்று அரசு அறிவித்ததும், அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்கள் எரிந்தன. அரசு என்ன செய்தது? அந்த ஒரு பெயரைக் காப்பாற்றவில்லை. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. நெல்லை கட்டபொம்மன், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், காமராசர், சிதம்பரனார் என்று எல்லாமே போயின. நடுநிலைமை என்றார்கள். ஒரு தலித்தின் பெயரோடு ஒரே பலகையில் நிற்பதைவிட எல்லோரும் பெயரில்லாமல் போகலாம் என்ற தீர்ப்பை நடுநிலைமை என்று சொல்லும் தைரியம் அரசுக்குத்தான் வரும். இந்தப் பின்னணியில் கவர்னகிரி மண்டபம் வெறும் கட்டிடம் அல்ல. பஸ்ஸில் மறுக்கப்பட்ட பெயர் அங்கே சுவரில் இருக்கிறது. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபமும் 2022-ல் அஞ்சல்தலையும் கிடைத்ததை அருந்ததியர்கள் கொண்டாடினால், அதைச் 'சின்ன அரசியல்' என்று ஒதுக்க யாருக்கும் அருகதையில்லை.

ஆனால் இந்தக் கொடுக்கல் முறையில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஒரு சாதிக்கு ஒரு வீரன், ஒரு வீரனுக்கு ஒரு மண்டபம், மண்டபத்துக்கு வருஷத்தில் ஒரு நாள். ரேஷன் அட்டை மாதிரி. புலித்தேவன் படையில் ஒண்டிவீரன் இருந்தான் என்றால் இருவருக்கும் ஒரே களம். இன்றைக்கு இருவருக்கும் தனித்தனித் தேதி. ஒருவருக்கு ஆகஸ்ட் 20, இன்னொருவருக்குச் செப்டம்பர் 1. இரண்டுக்கும் சேர்த்து வட்டாரத்தில் தடையுத்தரவு. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாவுக்கும் தடையுத்தரவு. அக்டோபர் கடைசியில் காளையார்கோயில் மருது குருபூஜைக்கும் தடையுத்தரவு. 2024 ஜூலையிலிருந்து சட்டத்தின் பெயரும் பிரிவும் மாறி 163 ஆகிவிட்டாலும் ஊர் வாயில் அது இன்னும் 'நூத்தி நாப்பத்தி நாலு'தான். சுற்றுலாத் துறையின் கையேட்டையும் மாவட்ட ஆட்சியரின் உத்தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே ஊர்ப் பெயர்களைத்தான் சொல்கின்றன. முதலாவது வா என்கிறது, இரண்டாவது வராதே என்கிறது. வேனில் மரபு நடை போகிறவருக்கு எந்த நாளும் வரலாம். அந்த மண்ணோடு சம்பந்தமிருப்பதாக நினைக்கிறவர்கள் கூடி வருகிற நாளில் மட்டும் வாடகை வண்டிக்கு அனுமதியில்லை, ஜோதி எடுத்து வரக்கூடாது, வாள், கத்தி, கம்பு, கல் எதுவும் கையில் இருக்கக்கூடாது. கல்கூட! கயத்தாற்றில் ஆளுக்கொரு கல் போட்ட ஜனங்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தடையுத்தரவே தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. அந்த நாட்களில் சேரிப்பக்கம் குடியிருப்பவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அறிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். ஆனால் இந்த உத்தரவுக்கு ஒரு முன்னோடி உண்டு. எட்வர்ட் கிளைவ் 1801 டிசம்பர் 1-ல் வெளியிட்ட அறிக்கை தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது, கோட்டைகளை இடிக்கச் சொன்னது. ஆயுதத்தையும் கோட்டையையும் ஒரே காகிதத்தில் பறித்தார்கள். வளரி அதோடு போனது. சின்ன மருதுதான் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்ததாக வெல்ஷ் எழுதுகிறார். நட்பாக இருந்த காலத்தில். பிறகு அதே வெல்ஷ் அவரை வேட்டையாடும் படையில் போனார். இன்று வளரி அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கிறது. கோட்டையை அரசு திருப்பிக் கட்டிக் கொடுத்தது, வண்ணம் பூசி. 1801-ல் வந்த தடை வருஷத்துக்குச் சில நாள் திரும்பி வருகிறது. இந்தத் தொடர்ச்சியை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

பிரிந்து கிடப்பதை எல்லாம் சேர்த்துப் பேசிய ஒரு காகிதமும் அந்தக் காலத்தில் இருந்தது. 1801 ஜூன் 16-ல் சின்ன மருது பெயரால் திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டப்பட்ட அறிக்கை. ராஜய்யன் 1971-ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தப் போரையே தென்னிந்தியக் கிளர்ச்சி என்று பெரிய சட்டகத்துக்குள் வைத்தார். பாஞ்சாலங்குறிச்சி, சிவகங்கை, திண்டுக்கல், மலபார் என்று விரிந்த ஒரு கூட்டு அது. அறிக்கை எல்லாச் சாதியாரையும் விளிக்கிறது, பிறகு எண்ணிச் சொல்லும்போது நாலு வர்ணத்தையும் முசல்மான்களையும் சொல்லி நின்றுவிடுகிறது. வர்ணத்துக்கு வெளியே இருந்தவன் 'எல்லாச் சாதியார்' என்ற சொல்லுக்குள் நுழைந்துகொள்ள வேண்டியதுதான். இந்தக் குறையையும் சேர்த்தே அதை வாசிக்கவேண்டும். கடைசியில் வெள்ளைக்காரனுக்குக் கீழ்ப்படிகிறவனுக்கு வருகிற வசவை எந்த மேடையிலும் வாசிக்க முடியாது, அது தனி அழகு. இருந்தாலும் எந்த ஒரு சாதியின் காகிதமாகவும் அது இல்லை. அதனாலோ என்னவோ திருச்சி இந்தப் பயணத்தடத்தில் இல்லை. மலைக்கோட்டைக்குப் போகிறவர்கள் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் போகிறார்கள்.

தூத்துக்குடியும் அப்படித்தான். பயணம் அங்கே தொடங்கும், அல்லது இரவு தங்கி மக்ரூன் வாங்கிக்கொண்டு முடியும். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரிலும் ஊமைத்துரையை நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலும் கொன்ற பிறகு, 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு நாடுகடத்தியது அந்தக் கடற்கரையிலிருந்துதான். காவலுக்குப் போனவர் அதே வெல்ஷ். துரைச்சாமி அப்போது சின்னப் பையன். 1818-ல் பினாங்குக்குப் போன வெல்ஷ் அவனை மறுபடி பார்க்கிறார். கிழவன் மாதிரி இருக்கிறான், அவன் தன் பெயரைச் சொன்ன பிறகுதான் அவருக்கு யாரென்று தெரிகிறது.